துண்டுக்குள் மடங்காத விரல்கள்

இதை எழுதுகிற கை என்னுடையதுதான். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. எழுத்து கோணல்மாணலாகப் போகிறது என்று என் மனைவி பிச்சம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொல்கிறாள். போகட்டுமே! போன ஐப்பசி மழையில் இந்தக் கையால் ஒரு சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சோற்றை உருட்டி வாயில் வைக்க முடியவில்லை. இன்று பேனாவைப் பிடித்து ஒரு பக்கம் எழுதினாலே எனக்குப் போதும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "இப்போ எப்படி இருக்கு?" என்று என் கையைப் பார்க்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் வேட்டியைத் தூக்கித் தங்கள் முழங்காலைக் காட்டுகிறார்கள். பால்காரருக்குக் குதிகால், பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இடுப்பு, தபால்காரருக்குக் கழுத்து. திருவனந்தபுரத்தில் மூட்டு நோகாத மனுஷன் ஒருவனாவது இருக்கிறானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுபோகிறது. எழுதிவைத்துவிட்டால் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடலாம்.

என் பெயர் கோமதிநாயகம் பிள்ளை. திருநெல்வேலிக்காரன். திருவனந்தபுரத்தில் சாலை என்று பெயர் சொல்கிற கடைத்தெருவில் மிளகுக்கும் சுக்குக்கும் தரகன். மலைப்பக்கத்துக் குடியானவர்கள் வித்துரா வழியாக வண்டியில் கொண்டுவரும் மூட்டைகளை மொத்தக் கடைக்காரர்களுக்கு முடித்துக்கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் வாய்க்கு வேலை குறைவு. விலையை வாய்விட்டுச் சொன்னால் சுற்றி நிற்கிற மற்றக் கடைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் தரகனும் வாங்குகிறவரும் வலது கையை நீட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். துண்டுக்குள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையில் தட்டினால் அரை. பிடித்த விரலை ஓர் அழுத்து அழுத்தினால், இதுதான் கடைசி, இதற்குமேல் பேச்சில்லை என்று அர்த்தம். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. துண்டுக்குள் விலை பேசிக்கொண்டே வெளியில் மழையைப் பற்றிப் பேசுவேன் நான். தற்பெருமை இல்லை, கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது. முதலில் காலை வேளையில் மட்டும். படுக்கையிலிருந்து எழுந்தால் விரல்கள் மடங்காது. செம்பைத் தூக்க முடியாது. வெயில் ஏறி நான் கடைத்தெருவுக்குப் போய்ச் சேரும்போது கொஞ்சம் இளகிவிடும். ராத்திரி காற்று பட்டிருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன். வாயுதான் என்று சொல்லி பிச்சம்மாள் கிழங்கை நிறுத்தினாள், பிறகு பருப்பை, பிறகு வாழைக்காயை. கடைசியில் இலையில் ரசத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. வாயு போகவில்லை, நான்தான் பாதியாகப் போனேன். அப்புறம் இரண்டு கையிலும் விரல்கள் தொடங்குகிற முட்டிகள் வீங்கின. தொட்டால் சுட்டது. யாரோ தைலம் கொடுத்தார்கள். வேறு யாரோ, வலி எடுத்தாலும் விடாமல் அழுத்தித் தேய்க்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். மறுநாள் விரல்கள் நேந்திரம்பழம் மாதிரி ஆகிவிட்டன.

அந்தக் கையோடுதான் ஆறுமுகம் செட்டியார் கடைக்குப் போனேன். சாலையில் மிளகு வியாபாரம் என்றால் அவர்தான். வித்துராப் பக்கத்துக் குடியானவர் ஒருத்தர் நல்ல மிளகு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மற்றக் கடைக்காரர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். துண்டைப் போட்டுக் கையை நீட்டினேன். செட்டியார் இரண்டு விரலைப் பிடித்தார், உள்ளங்கையில் தட்டினார். நல்ல விலைதான். பிறகு வழக்கம்போல, இதுதான் கடைசி என்று ஓர் அழுத்து அழுத்தினார்.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

கடைத்தெரு அப்படியே நின்றது. தரகனே கத்துகிறான் என்றால் செட்டியார் எவ்வளவு அடிமாட்டு விலை கேட்டிருக்க வேண்டும்! கொச்சியிலிருந்து ஏதோ தந்தி வந்திருக்கிறது, மிளகு விழுந்துவிட்டது என்று அவரவர் முடிவுகட்டிவிட்டார்கள். வாங்க நின்றவர்கள் நழுவினார்கள். குடியானவர் பயந்துபோய் மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். கை வலி, கை வலி என்று நான் சொல்லச் சொல்ல, "ஆமாமா, எல்லாருக்கும்தான் வலிக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். மத்தியானத்துக்குள் சாலை முழுக்க மிளகு விழுந்த கதைதான். கடையும் கிட்டங்கியும் நிறையச் சரக்கை வைத்திருந்த செட்டியார் முகம் கறுத்துப்போனது.

"ஏன்வே, பொம்பளைப்பிள்ளை மாதிரி கத்துதீரே! உம்ம சத்தத்துக்கு என் சரக்கு போச்சே!" என்றார். பிறகு, கொஞ்சம் இறங்கி, "தை பிறந்தா புது மிளகு வந்துரும். அதுக்குள்ள கை சரியானா வாரும். இல்லேன்னா துண்டை வேற ஆளுகிட்ட குடுத்துட்டு வேற சோலி பாரும்வே" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். துண்டுக்குள் கத்துகிற தரகனை வைத்துக்கொண்டு யார் வியாபாரம் பண்ணுவார்கள்? ஆனால் வேறு சோலி என்றால் என்ன சோலி? எனக்கு வயது நாற்பது. இந்த விரல்களைத் தவிர எனக்கு வேறு வித்தை கிடையாது. அன்று வீடு வரும்வரை கையை மேல்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டே நடந்தேன்.

பிச்சம்மாள் கேட்டுவிட்டு அழவெல்லாம் இல்லை. ஒரு காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். "எதுக்கு?" என்றேன். "பெரிய ஆஸ்பத்திரியில மருந்து ஊத்தித் தர பாட்டில் நாமதான் கொண்டுபோகணும். நாளைக்குக் காலையில போறோம்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். "பேசாதீங்க. வாயுவுக்கு நான் பார்த்த வைத்தியம் போதும்" என்றாள்.

ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கையில் ஆளுக்கொரு பாட்டில் வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்தவர் டாக்டர் மாத்தன். மலையாளி, ஒல்லியான மனுஷர், மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருக்கும். தமிழ் பேசுவார், தம் பாணியில். என் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொல்லி, தொடாமலே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் விரல் முட்டிகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து மெல்ல அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன்.

"ம். காலத்த எணீற்றா கை மடங்கான் எத்தற நேரம் ஆகும்?"

"குளிச்சுச் சாப்பிட்டுக் கடைக்குப் போற வரைக்கும் ஆகும் டாக்டர்."

"ரெண்டு கையிலும் ஜோடியா வருது, அல்லே? பேடிக்க வேண்டா, பயம் வேண்டாம். ஆனா இது வெறும் வாயு அல்ல, கேட்டோ."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மூட்டில் இரண்டு எலும்புகள் சேருகிற இடத்தைச் சுற்றி உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மூட்டுக்கு எண்ணெய் விடுகிற வேலை அதனுடையது. எனக்கு அந்தச் சவ்வு தானாகவே வீங்கித் தடித்துவிட்டது. விட்டுவிட்டால் பக்கத்திலிருக்கிற எலும்பையே அரித்து விரல்களை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். தமிழில் முடக்குவாதம் என்று சொல்வது இதைத்தான். ஏன் வருகிறது என்று கேட்டேன். "அது தெரிஞ்ச ஆள் உலகத்தில் இல்லை" என்றார். அந்த ஒரு பதிலாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. தெரியாது என்று சொன்ன வைத்தியரை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

முடக்கு என்ற சொல்தான் நெஞ்சில் போய் அடைத்துக்கொண்டது. "டாக்டர், எனக்கு ஒருத்தர் விரலைப் பிடிக்க வரணும். தை மாசத்துக்குள்ள" என்றேன். யாருடைய விரல், எதற்கு என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிச்சம்மாள்தான் துண்டு வியாபாரத்தை விளக்கினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகத்தைத் திருத்திக்கொண்டு, "நோக்காம், பார்க்கலாம். கட்டில் தருகிறேன். ஓய்வு வேணும்" என்றார்.

கட்டில் கிடைத்ததும் சோதனைகள். கையை ஒரு படம் பிடித்தார்கள். எலும்பு வெள்ளையாகத் தெரிகிற அந்தப் படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு பத்திரம். நேரத்தோட வந்தீர்" என்றார். பிறகு ரத்தம் எடுத்து ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்தார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தின் சிவப்பு வேகமாக அடியில் இறங்கிவிடுமாம். என்னுடையது மடமடவென்று இறங்கியது. மூன்றாவதாக வாயைத் திறக்கச் சொன்னார்கள். கைக்கு வந்ததற்கு வாயை எதற்குத் திறக்க வேண்டும்? சொத்தைப் பல்லிலிருந்து விஷம் இறங்கி மூட்டில் தங்குகிறது என்று பெரிய டாக்டர்கள் சொல்கிறார்களாம். வெற்றிலை போட்டே வளர்ந்த வாய் என்னுடையது. சொத்தைக்கா பஞ்சம்? சிலதைப் பிடுங்கினார்கள். பிடுங்கியபிறகும் கை அப்படியேதான் இருந்தது. முறுக்கு கடிக்கிற சுகம் மட்டும் போய்விட்டது.

மருந்து என்பது அந்தப் பாட்டில் மருந்துதான். ஒரு மாதிரிக் குமட்டுகிற தித்திப்பு. வலி நன்றாகக் குறைந்தது, ஆனால் அளவு கூடினால் காதுக்குள் சில்வண்டு கத்தும். பக்கத்தில் பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். வலி, காது இரண்டில் எது வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நர்ஸ் ஏலியம்மா அளவைக் கூட்டிக் குறைத்தார். ராத்திரியில் விரல்கள் கோணிக்கொள்ளாமல் இருக்க, என் கை அளவுக்கே வார்த்த சுண்ணாம்பு அச்சில் இரண்டு கையையும் வைத்துக் கட்டிவிடுவார்கள். கொசு கடித்தால் சொறியக்கூட வழியில்லை. கிடந்து கொசுவைத் திட்டுவேன். வாய்விட்டுத் திட்டுவதில் கொஞ்சம் தூக்கம் வந்தது.

பிறகு தங்க ஊசி. ஆமாம், தங்கம்தான். தங்கத்தை மருந்தாகக் கரைத்து இடுப்பில் குத்துவார்கள். எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, உடம்பில் தடிப்பு வரலாம், வாய் புண்ணாகலாம், சிறுநீரகம் கெடலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் மூத்திரத்தைச் சோதித்தார். பிச்சம்மாள் கேட்டுவிட்டு, "என் கழுத்துக்கு ஒரு சங்கிலி கேட்டு வருஷக்கணக்காச்சு. இந்த மனுஷன் தனக்கு மட்டும் தங்கம் போட்டுக்கிறாரு பாருங்க!" என்றாள். ஏலியம்மா சிரித்த சிரிப்பில் ஊசியை ஒருதரம் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

என் பக்கத்துக் கட்டிலில் கிட்டு ஐயர். பிராமணர்களுக்குச் சோறு போடுகிற ஊட்டுப்புரையில் சமையல் அவருக்கு. காலமெல்லாம் அண்டாவும் குண்டாவும் தூக்கி, ஈரத் தரையில் நின்று, முழங்கால் இரண்டும் போய்விட்டன. எனக்குக் காலையில் மோசம். அவருக்குச் சாயங்காலம் மோசம். எனக்கு அசைத்தால் இளகும். அவருக்கு நடந்தால் கூடும். இதைக் கண்டுபிடித்து நாங்கள் இரண்டுபேரும் வாதாடிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்து தீர்ப்புச் சொன்னார். அவருடையது தேய்மானம், மூட்டின் மெத்தை தேய்ந்துபோனது. என்னுடையது வீக்கம். ஒரே பெயரால் வாயு, வாதம் என்று கூப்பிட்டாலும் இரண்டும் வேறு வேறு நோய்.

"கேட்டேளா ஓய், நீர் வீங்கின ஜாதி, நான் தேய்ஞ்ச ஜாதி" என்றார் ஐயர்.

ஆஸ்பத்திரியில் நேரம் போக வேண்டுமே! நாங்கள் இரண்டுபேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வெளிநோயாளிகள் வரிசையைப் பார்ப்போம். நடையைப் பார்த்தே வியாதி சொல்வது எங்கள் பந்தயம். "அதோ, கையை முழங்காலில் ஊன்றிப் படி ஏறறா பாரும், நம்ம ஜாதி" என்பார் ஐயர். "அந்தச் சுமட்டுக்காரனுக்கு இடுப்பு" என்பேன் நான். எஸ்டேட்டில் கூடை சுமந்த பெண்களுக்குத் தோள், கயிறு திரிக்கிற பெண்களுக்கு விரல், சர்க்கார் கச்சேரியில் குனிந்து எழுதுகிற குமாஸ்தாக்களுக்குக் கழுத்து. காய்ச்சலுக்கு என்று வந்தவர்கள்கூட, டாக்டரிடம் போகும்போது, "அப்படியே இந்த முட்டும்..." என்று இழுப்பார்கள். சிறிசுகளுக்கும் உண்டு. தொண்டை வலியில் தொடங்கி, மூட்டு மூட்டாக வீங்கி, கடைசியில் இருதயத்தில் போய்த் தங்குகிற காய்ச்சல் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தொண்டை வலி என்றால் அலட்சியம் பண்ணாதீர்கள் என்று ஏலியம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

"இத்தனை பேருக்கு இருக்கே டாக்டர், காலரா வைசூரின்னா தண்டோரா போடறீங்க, இதுக்கு ஒண்ணும் காணோமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலரா ஆளைக் கொல்லும் பிள்ளை. செத்தவனை எண்ணுவார்கள். இது கொல்லாது. உட்கார வைக்கும். உட்கார்ந்தவனை ஆரும் எண்ணுகிறதில்லை" என்றார் டாக்டர். சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போய்விட்டார்.

உட்கார்ந்துவிட்டவர் ஒருத்தர் எங்கள் வார்டிலேயே இருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருக்கு என்னுடைய நோய்தான், ஆனால் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பத்து விரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பைபிளை மடியில் வைத்து முழங்கையால் பக்கம் புரட்டுவார். "தம்பி, நானும் வாயுன்னுதான் நெனச்சேன். வருஷம் போயிட்டு" என்று ஒரே ஒருதடவை சொன்னார்.  வெளிப்படையாகச் சொல்கிறேன், பயந்து செத்தேன். மழையும் விடாமல் பெய்துகொண்டிருந்தது. தை மாசம் என்னை நோக்கி நடந்து வருவதுபோலவும், நான் மட்டும் நகராமல் கிடப்பதுபோலவும் இருந்தது. கட்டின கையோடு படுத்துக்கொண்டு, பிச்சம்மாளுக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று நினைத்து அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்தபோது என் முகத்தைப் பார்த்தாள். தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, வழக்கம்போலச் சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டினாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று நான் கூச, "பார்க்கட்டும். அவங்க வீட்டில பிசைஞ்சு குடுக்க ஆளில்லைன்னு பொறாமையா இருக்கும்" என்றாள். சாப்பாடு முடிந்ததும் மடியிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இதைப் பிடிங்க பார்ப்போம்."

டாக்டர் சொல்லித்தான் கொண்டுவந்திருக்கிறாள். வீக்கத்தின் சூடு தணிந்துவிட்டது, இனிமேல் கையை அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். காலையில் ஏலியம்மா உருக்கிய மெழுகில் என் கையை முக்கி எடுப்பார். இதமான சூட்டில் மெழுகு கையுறை மாதிரி படிந்துகொள்ளும். உரித்ததும் விரல்கள் கொஞ்சம் சொன்னபடி கேட்கும். உடனே துவைத்த கட்டுத் துணிகளைக் கொண்டுவந்து போட்டு, சுருட்டச் சொல்வார். வார்டு முழுவதற்கும் கட்டுத் துணி சுருட்டினேன். அழுத்தித் தேய்த்தது பாவம், அசைக்காமல் வைப்பதும் பாவம், எப்போது எது என்று அறிந்து செய்ய வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

சாத்துக்குடியை முழுதாகச் சுற்றிப் பிடிக்கவே சில நாட்கள் பிடித்தன. பிடித்ததும் எலுமிச்சம்பழம் வந்தது. அடுத்தது ஜாதிக்காய். கடைத்தெருக்காரன் பெண்டாட்டி அல்லவா, சரக்குக்கா குறைவு! ஒவ்வொரு தடவையும் அவள் கொண்டுவருவது கொஞ்சம் சின்னதாக இருக்கும். ஒருநாள் நான் சோர்ந்துபோய் ஜாதிக்காயைத் தூக்கி எறிந்தேன். உருண்டு போய்க் கிட்டு ஐயர் கட்டிலுக்கு அடியில் நின்றது. "எறிஞ்சீங்களா? எறியணும்னா முதல்ல பிடிச்சிருக்கணுமே!" என்றாள் பிச்சம்மாள். குனிந்து அதை எடுத்தவள், நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன்.

"இடுப்புல என்ன?"

"அது எத்தனையோ வருஷமா இருக்கு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா தண்ணிக் குடத்தை நீங்களா தூக்குவீங்க? பிடிங்க, பேச்சை மாத்தாதீங்க." ஜாதிக்காயைத் திரும்ப என் கையில் திணித்தாள்.

அதற்கடுத்து வந்த பாக்கையும் பிடித்துவிட்ட அன்று அவள் மடியில் ஒன்றும் இல்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை எடுத்து எங்கள் கைகள்மேல் போட்டாள். "என் விரலைப் பிடிங்க. செட்டியார் விரல் இதைவிடத் தடியாத்தான் இருக்கும்" என்றாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேருக்கு முன்னால் நான் அவள் கையைத் தொட்டதில்லை. ஐயர் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், நல்ல மனுஷர். துண்டுக்குள் அவளுடைய ஒரு விரலைப் பிடித்தேன். மெதுவாக, பிறகு கொஞ்சம் இறுக்கி. பிடிபட்டது!

"இது என்ன விலை?" என்றாள்.

"ஒண்ணு." அடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்தேன். "இது ரெண்டு."

"இப்போ நான் கேக்கிறேன்" என்று என் கையைப் பிடித்தாள். அதன்பிறகு தினமும் நாங்கள் துண்டுக்குள் பேரம் பேசினோம். பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தை அது. ஒரு வாரத்தில் என்னையே ஏமாற்றுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். வீட்டுக்குப் போக டாக்டர் அனுமதித்த அன்று இரண்டு விரல்களில் மட்டும் மீதி வீக்கம் இருந்தது. இது முழுதாகப் போகிற நோயல்ல, தணிந்திருக்கிறது, ஊசியையும் சோதனையையும் விடக் கூடாது என்று கண்டித்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

தை பிறந்தது. புது மிளகு வாசனை சாலை முழுக்க. செட்டியார் கடைக்குப் போனேன். எனக்குப் பதிலாக வந்திருந்த தரகன் ஒதுங்கி நின்று என் கையையே பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"வந்துட்டீரா? இன்னைக்கும் கத்துவீரோ?" என்றார் செட்டியார்.

"பாத்துருவோமே அண்ணாச்சி" என்று துண்டைப் போட்டேன்.

என் விரல்கள் வேலை செய்தன. கடவுளே, வேலை செய்தன! குடியானவர் கேட்ட விலையைச் செட்டியார் விரலில் தெளிவாகப் பிடித்துச் சொன்னேன். அவர் பதில் சொன்னார். ஆனால் பிடி தளர்வாக இருந்தது. எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்தேன். இதுதான் கடைசி என்று சொல்ல நான் ஓர் அழுத்து அழுத்தினேன். செட்டியார் கத்தவில்லை. ஆனால் துண்டுக்குள் அவர் கை முழுதும் ஒருதரம் நடுங்கியது.

நான் பிடியைத் தளர்த்தி, அவர் முட்டிகளை விரல் நுனியால் மெல்லத் தடவினேன். சூடாக இருந்தன. மெத்தென்று இருந்தன. மாசக்கணக்காக நான் என் கையில் தடவிப் பார்த்த அதே வீக்கம்.

"நல்ல மழை இந்த வருஷம், என்ன அண்ணாச்சி?" என்று வெளியில் சத்தமாகச் சொன்னேன். பிறகு குரலை இறக்கி, "எத்தனை நாளா காலையில கை மடங்கலை?" என்றேன்.

அவர் தெருவைப் பார்த்தார். உதடு அசையாமல், "கார்த்திகையிலருந்தேவே" என்றார். "சுத்தி நிக்கானுவ. வாயை மூடும்." கண் கலங்கியிருந்தது. என்னை அன்றைக்கு விரட்டியவருக்கு, தம் கை இப்படியாகிவிட்டதே என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. கார்த்திகையிலிருந்து ஒவ்வொரு நாளும் துண்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு வியாபாரம் பண்ணியிருக்கிறார்.

கையை வெளியே இழுத்தேன். "விலை படியலை அண்ணாச்சி. நாளைக்குப் பேசுவோம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். எனக்குப் பதிலாக வந்த தரகன் முகம் மலர்ந்தது. கோமதிநாயகம் கை தோற்றுவிட்டது என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று மாலை, கூட்டம் கலைந்தபின் திரும்பப் போய், மறுநாள் எங்கே வர வேண்டும், கழுவின பாட்டில் ஒன்றை எடுத்துவர வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வருவாரா என்று சந்தேகம்தான். வந்தார். சால்வையால் கையை மூடிக்கொண்டு, இன்னொரு கையில் பாட்டிலோடு, அவர் கடையில் மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு நடுவில் வரிசையில் நின்றார். "அந்தப் பயலை நேத்தே அனுப்பிட்டேன். துண்டு உமக்குத்தான்வே" என்றார்.  

உள்ளே டாக்டர் மாத்தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவர் கையை மேஜைமேல் வைக்கச் சொன்னார். பார்த்தார். முட்டிகளைச் சேர்த்து அழுத்தக் கையை நீட்டினார்.

"மெதுவா, டாக்டர்" என்றேன் நான்.

செட்டியாருடைய இன்னொரு கை என் கையைத் தேடி வந்தது. துண்டு இல்லை. வாசல் வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிடித்துக்கொண்டேன்.